கத்தியில் இருக்கும் பெயர் யாருடையது?

ஜப்பான் போகிறேன் என்று சொன்னால் முன்பெல்லாம் கேமரா, கால்குலேட்டர் வாங்கி வரச் சொல்வார்கள். இப்போது கத்தி கேட்கிறார்கள். "கையால அடிச்சதா இருக்கணும், அபூர்வமானதா இருக்கணும், இருபதாயிரம் ரூபாய்க்குள்ள" என்று நண்பரிடமிருந்து வந்த வாட்ஸப் செய்தி, கிளையன்ட் அனுப்பும் ரெக்வயர்மென்ட் மாதிரியே இருந்தது. எங்கள் துறையில் இப்படி ஒரு வரி வந்தால் முதல் வேலை, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று கேட்பது. கையால் என்றால் யார் கையால்? அபூர்வம் என்றால் எது குறைவாக இருக்கிறது? அலுவலக வேலையாக மூன்று முறை ஒசாகா போக வாய்த்தது. வார இறுதிகளை இந்தக் கேள்விகளுக்காகவே செலவழித்தேன். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இவை.

ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டு இருக்கும் ஊர் சக்காய். தென்னோஜியில் ஹன்காய் டிராம் ஏறினால், ஒற்றைப் பெட்டி வண்டி வீடுகளுக்கு நடுவே ஆடி ஆடிப் போய் இறக்கிவிடும். பார்த்தால் சாதாரணப் புறநகர். ஆனால் கத்தி விஷயத்தில் இந்த ஊர் ஒரு தலைநகரம். விளம்பரங்களில் எல்லாம் "சாமுராய் வாள் மரபு" என்று போடுவார்கள். 1876-இல் மெய்ஜி அரசு வாள் அணிவதைத் தடை செய்தது, வேலை இழந்த வாள் கொல்லர்கள் சமையல் கத்திக்கு மாறினார்கள் என்பது கதை. சில ஊர்களுக்கு அது பொருந்தும். சக்காயைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். பக்கத்திலேயே 5-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சமாதி மேடு இருக்கிறது, சாவித்துவார வடிவத்தில், ஒரு சின்னக் குன்று அளவுக்கு. அதற்கு மண் வெட்டத் தேவைப்பட்ட கருவிகளிலிருந்துதான் ஊரின் இரும்பு வேலை தொடங்கியது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த துப்பாக்கியைப் பார்த்து இங்கே துப்பாக்கி செய்தார்கள். அதே போர்த்துக்கீசியர் கொண்டுவந்த இன்னொரு சாமான் புகையிலை. அதை மயிரிழை மாதிரி சீவக் கத்தி வேண்டும். சக்காய் கத்தி அதில் பேர் வாங்கியது. தோக்குகாவா ஆட்சி 'சக்காய் கிவமே' என்ற முத்திரையைக் கொடுத்து, அந்தத் தொழிலை இந்த ஊருக்கே ஏகபோகமாக்கியது. அதாவது இன்று மீனைச் சீவும் கத்தியின் பாட்டன் புகையிலைக் கத்தி. சாமுராய் அளவுக்கு கவர்ச்சி இல்லை என்பதால் விளம்பரத்தில் வராது, அவ்வளவுதான்.

சரி, கையால் என்றால் யார் கையால்? சக்காயில் ஒரு கத்தியை ஒருவர் செய்வதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் ஆள் கொல்லர். தேனிரும்புப் பட்டையின் மேல் எஃகுத் துண்டை வைத்து, நடுவே வெண்காரம் தூவி, உலையில் ஏற்றி, அடித்து ஒட்டவைக்கிறார். பிறகு நீட்டி, வடிவம் கொடுத்து, மெதுவாக ஆறவிட்டு, ஆறியபின் மறுபடி அடித்து, மண் பூசிக் காயவைத்து, மீண்டும் சூடேற்றித் தண்ணீரில் தோய்க்கிறார். இந்தத் தோய்ப்புதான் உயிர். எஃகு 780 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் கெட்டிப்படாது, கூடினால் உள்ளே மணி மணியாகப் பருத்து உடையும் தன்மை வந்துவிடும். பல பட்டறைகளில் இன்னமும் வெப்பமானி கண்தான். இரும்பின் நிறத்தை வைத்தே வெப்பத்தைச் சொல்வார்கள். அதற்காகத்தான் பட்டறையை இருட்டாக வைத்திருக்கிறார்கள். நான் அது புகையினால் வந்த இருட்டு இல்லை என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கொல்லரிடமிருந்து வெளியே வருவது கறுப்பாக, கொஞ்சம் கோணலாக, கூரே இல்லாத ஒரு தகடு. அது இரண்டாவது ஆளிடம் போகிறது. சாணை பிடிப்பவர், ஜப்பானியத்தில் தொகிஷி. நம் ஊரில் சாணை பிடிப்பது என்றால் சைக்கிள் சக்கரத்தை மிதித்துக்கொண்டு தெருவில் வருபவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இங்கே அது தனிப் பட்டறை, தனி வாழ்க்கை. தண்ணீரில் சுழலும் பெரிய கல்லின் மேல் தகட்டை அழுத்தி அழுத்தி, கனத்தைக் குறைத்து, கோணலைச் சுத்தியலால் தட்டி எடுத்து, மறுபடி கல்லில் வைத்து, இப்படியே பல சுற்று. கத்தி வெட்டும்போது காய் ஒட்டுகிறதா விலகுகிறதா, கேரட்டில் இறங்கும்போது ஆப்பு மாதிரி சிக்குகிறதா வழுக்குகிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் இவர் கையில் இருக்கிறது. மூன்றாவது, பிடி போடுபவர். ஹோ என்ற மக்னோலியா இன மரத்தில் பிடி, எருமைக் கொம்பில் பூண். பிடியின் துளையில் கத்தியின் வாலைச் சூடேற்றி இறக்கித் தட்டிவிடுவார்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர், தோன்யா எனப்படும் மொத்த வியாபாரி. கத்தியின் மேல் உளியால் வெட்டியிருக்கும் அழகான எழுத்துகள் பெரும்பாலும் அவருடைய கடைப் பெயர்தான். அந்த எழுத்துக்கு ஜப்பானியத்தில் 'மெய்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக இருக்கிறது, ஏனென்றால் மெய் முழுதாக அதில் இல்லை. அடித்தவர் பெயரும் தீட்டியவர் பெயரும் வழக்கமாக வெளியே வராது. எந்தக் கொல்லரிடம் வாங்குகிறோம் என்பது வியாபாரியின் தொழில் ரகசியம். ஒரே கொல்லர் அடித்த தகடு இரண்டு கடைப் பெயர்களில், இரண்டு விலைகளில் கிடைப்பதும் உண்டு. இதை மோசடி என்று நினைக்க வேண்டாம். பல நூறு ஆண்டுகளாக நடக்கும் ஏற்பாடு. வியாபாரி தரத்துக்குப் பொறுப்பேற்கிறார், விற்காத சரக்கைச் சுமக்கிறார், கொல்லருக்கு மாதாமாதம் வேலை கொடுக்கிறார்.

எச்சிஸென் கதை வேறு. ஃபுக்குய் மாநிலத்தில் தக்கேஃபு என்ற பழைய ஊர்ப்பகுதி. 1337-இல் கியோட்டோவிலிருந்து வந்த குனியாசு என்ற வாள் கொல்லர் விவசாயிகளுக்கு அரிவாள் அடித்துக் கொடுத்ததில் தொழில் தொடங்கியதாக ஐதீகம். 1993-இல் அங்குள்ள பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரே கூரைக்குக் கீழே பொதுப் பட்டறை ஒன்றைத் திறந்தார்கள், தக்கேஃபு கத்தி கிராமம் என்ற பெயரில். மேலே நின்று வேடிக்கை பார்க்கலாம். இங்கே ஒரு நுட்பம் பார்த்தேன். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தே அடிக்கிறார்கள். ஏன் என்று யோசித்தால் எளிய இயற்பியல்தான். தகடு மெலிய மெலிய சீக்கிரம் சூடு ஆறும். இரண்டாக வைத்தால் கனம் இரட்டிப்பு, சூடு நிற்கும், இரண்டும் ஒரே சீராக மெலியும். எந்த ஆப்டிமைசேஷன் புத்தகத்திலும் போடலாம். இங்கே அடிப்பவரே தீட்டுவதும், தன் பெயரையே போடுவதும் அதிகம். 2024 மார்ச்சில் புல்லட் ரயில் எச்சிஸென் வழியாக நீண்டபின் டோக்கியோவிலிருந்தே நேராகப் போய்விடலாம்.

இப்போது 'கைவேலை' என்ற சொல்லின் அடுத்த அடுக்கு. ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளிலும் மின்சாரச் சம்மட்டி இருக்கிறது. கால் மிதியை அழுத்தினால் தட தடவென்று அடிக்கும். அது இல்லாமல் முழுக்கக் கைச் சம்மட்டியால் அடித்த கத்தியைக் கடையில் எதிர்பார்ப்பது வீண். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. தகட்டை எங்கே திருப்புவது, எப்போது நிறுத்துவது என்பது கைதானே. உண்மையான வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. எஃகையும் இரும்பையும் தொழிற்சாலையிலேயே ஒட்டி அடுக்குத் தகடாக விற்கிறார்கள். ரிக்கிசாய் என்று பெயர். அதை வாங்கி, சூடேற்றி, வடிவம் அடித்தால் 'அடித்த கத்தி'. சூடேற்றாமலே அச்சில் வெட்டி, தீட்டி, மேலே சுத்தியல் தழும்பு மாதிரி குழி குழியாக அழுத்திவிட்டால் அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாகத்தான் இருக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி "இது கைவேலையா?" இல்லை. அதற்கு எல்லாரும் ஹாய் என்றுதான் சொல்வார்கள் (ஜப்பானியத்தில் 'ஆமாம்'). "எஃகைக் கொல்லரே ஒட்டினாரா, ஒட்டிய தகடா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் ஒளிக்காமல் சொல்வார். ஒட்டிய தகட்டில் செய்த கத்தி மட்டம் என்றும் அர்த்தமில்லை. சீராக இருக்கும், விலை குறைவு, அன்றாடச் சமையலுக்கு வித்தியாசமே தெரியாது. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எஃகின் பெயர்கள் முதலில் மிரட்டும். ஷிரோகாமி, அவோகாமி, அதாவது வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம். ஷிமானே மாநிலத்தின் யசுகி ஆலையில் செய்யும் எஃகு, அடையாளத்துக்காகச் சுற்றிய காகிதத்தின் நிறம்தான் பெயர், வேறு ரகசியம் இல்லை. வெள்ளையில் இரும்பும் கரியும் மட்டும், மற்ற கலப்பு மிகக் குறைவு. பயங்கரக் கூர் வரும், கல்லில் சுலபமாகத் தீட்டலாம், ஆனால் தோய்க்கும்போது கொல்லருக்குத் தவறு செய்ய இடமே தராது. நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் கொஞ்சம் சேர்ப்பதால் கூர் அதிக நாள் நிற்கும். எண் 1 என்றால் எண் 2-ஐ விடக் கரி அதிகம், கெட்டி அதிகம், நொறுங்கவும் அதிக வாய்ப்பு. 1 பெரியது என்று நினைத்து முதல் கத்தியையே அதில் வாங்க வேண்டாம். இரண்டுமே துருப்பிடிக்கும். துரு வேண்டாம் என்றால் விஜி-10 மாதிரி ஸ்டெயின்லெஸ். அதுவும் எச்சிஸென் வட்டார ஆலையில் பிறந்ததுதான்.

இதற்கெல்லாம் மேலே ஹொன்யாகி. இரும்பே சேர்க்காமல் முழுக்க எஃகால் அடிப்பது. முதுகுப் பக்கம் மண்ணைக் கனமாகவும் வாய்ப் பக்கம் மெல்லிசாகவும் பூசித் தண்ணீரில் தோய்த்தால் வாய் கெட்டியாகும், முதுகு மிருதுவாக நிற்கும், இரண்டுக்கும் நடுவே அலை மாதிரி ஒரு கோடு விழும். வாள் செய்யும் முறை. தோய்க்கும்போதே விரிசல் விட்டு வீணாவது ஏராளம், விலை லட்சம் யென்னைச் சுலபமாகத் தாண்டும். பார்க்க வேண்டிய பொருள். சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கும் ஆள் வாங்க வேண்டிய பொருளா என்றால், என்னைக் கேட்டால் இல்லை. கீழே விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

'டமாஸ்கஸ்' பற்றி ஒரு வார்த்தை. அலை அலையாகக் கோடு போட்ட கத்திகள் சுற்றுலாத் தெருக் கடைகளில் முன்வரிசையில் இருக்கும். அந்த அடுக்குகள் வெளித்தோல்தான், வெட்டுவது நடுவில் இருக்கும் ஒரே எஃகு. அழகுக்காக வாங்கலாம், கூருக்காக வேண்டாம். சில மலிவுக் கத்திகளில் அடுக்குகூட இல்லை, கோட்டை மேலே பொறித்துவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் டமாஸ்கஸ் வாள்களுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த எஃகு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி மேற்கே ஏற்றுமதியான ஊட்ஸ். அதில் கோலம் எஃகின் உள்ளிருந்தே வரும், அடுக்கினால் வருவதில்லை. பெயர் மட்டும் ஊரைச் சுற்றி ஜப்பான் வரைக்கும் போய் வேறு ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எங்கே வாங்குவது? டோக்கியோவில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கப்பாபாஷி. உயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே, ஒரு கட்டடத்தின் உச்சியில் பிரம்மாண்டமான சமையல்காரர் தலை இருக்கும் தெரு. பல ஊர்க் கத்திகளை ஒரே நாளில் கையில் எடுத்துப் பார்க்க இதைவிட வசதி இல்லை. கியோட்டோ நிஷிக்கி சந்தையில் 1560-இல் தொடங்கிய அரித்சுகு இருக்கிறது. கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். ஆனால் யார் அடித்தது, யார் தீட்டியது என்று பேசிக்கொண்டே வாங்க ஆசை என்றால் சக்காய். அங்கே நகராட்சியின் கைவினைக் காட்சியகத்தில் கத்திகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கேள்விகள் தானாக வரும்.

வகையைப் பொறுத்தவரை: யனகிபா, தேபா, உசுபா மூன்றும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியவை. மீன், எலும்பு, காய் என்று தொழில்முறைச் சமையல்காரர்களுக்கானவை. பழகாத கையில் காய் ஒரு பக்கமாகச் சாயும். இடக்கைக்காரர்களுக்குத் தனியாகச் செய்ய வேண்டும், விலையும் கூடும். நம் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தீட்டிய வகைதான் சரி. சந்தோக்கு எல்லா வேலைக்கும். நகிரி காய்கறிக்கு மட்டும், நேரான வாய். கியூதோ நீளமானது. பெயரின் பொருள் 'மாட்டு வாள்', மெய்ஜி காலத்தில் மாட்டிறைச்சி மேசைக்கு வந்தபின் ஐரோப்பியக் கத்தியைப் பார்த்துச் செய்தது. 'பெட்டி' என்றொரு குட்டிக் கத்தி, நம் பெட்டி இல்லை, பிரெஞ்சுச் சொல்லின் மருவல். சைவச் சமையலுக்கு ஒரே கத்தி என்றால் நான் நகிரி என்பேன்.

கையில் எடுத்தால் அழகைப் பார்க்காதீர்கள். முதுகைக் கண்ணுக்கு நேராக, துப்பாக்கி குறி பார்ப்பது மாதிரி வைத்துப் பாருங்கள், வளைவு தெரியும். வாயை விளக்குக்குக் காட்டுங்கள். எங்காவது புள்ளியாக மின்னினால் அங்கே கூர் இல்லை. சரிவுக் கோடு நேராக ஓடுகிறதா, பிடியும் தகடும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கக் கத்தி என்றால் பின்புறத்தில் மெல்லிய குழிவு இருக்கும், அது ஓரம் முழுக்கச் சீராக இருக்க வேண்டும். சக்காயில் ஒரு கடையில் நான் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, உள்ளே போய், அதே மாதிரி மூன்று நகிரிகளைக் கொண்டுவந்து துணி மேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றும் ஒரே கொல்லர், ஒரே எஃகு. ஒன்று மட்டும் கையில் எடுத்ததுமே இறகு மாதிரி இருந்தது. கைப்பேசி மொழிபெயர்ப்பில் காரணம் கேட்டேன். "தொகிஷி வேறு" என்றார். விலை மூவாயிரம் யென் அதிகம். நான் கொடுத்த பணத்திலேயே எதற்குக் கொடுக்கிறேன் என்று முழுதாகத் தெரிந்து கொடுத்தது அந்த மூவாயிரம்தான்.

அபூர்வம் என்ற சொல்லுக்கு வருகிறேன். இணையத்தில் சில கொல்லர்களின் பெயருக்குப் பெரிய மவுசு. அவர்கள் கத்தி வந்த அன்றே தீர்ந்துவிடும், மறுநாள் ஏலத் தளத்தில் இரண்டு மடங்குக்கு நிற்கும். ஓர் ஆளுக்கு ஒன்றுதான் என்று கடைகளே விதி வைத்திருக்கின்றன. இது அபூர்வம்தான், ஆனால் செயற்கையாகவும் கொஞ்சம் ஊதியது. பெயர் தெரியாத பக்கத்துப் பட்டறையின் கத்தியும் ஏறக்குறைய அதே அளவு நன்றாகவே வெட்டும். உண்மையில் குறைந்துகொண்டே போவது ஆட்கள். கொல்லராகச் சொந்தக் காலில் நிற்கப் பத்து ஆண்டுப் பழக்கம் என்பது சாதாரணமாகச் சொல்லும் கணக்கு. தீட்டுபவர்கள் நிலைமையும் அதேதான், அவர்களுக்குப் புகழும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரும் கல் சேறும் தெறிக்கும் இடத்தில், பெயரே வராத வேலைக்கு எந்த இளைஞன் வருவான்? இப்போது சில கடைகள் விலைச்சீட்டிலேயே அடித்தவர், தீட்டியவர் இருவர் பெயரையும் போடத் தொடங்கியிருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதும் ஒரு காரணம் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள், குறிப்பாகத் தீட்டியவர் பெயரை.

வாங்கியபின் சில நடைமுறை விஷயங்கள். பல கடைகளில் உங்கள் பெயரை உளியால் வெட்டித் தருவார்கள், பெரும்பாலும் இலவசம். கடைசிக் கூர் வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள், வைக்கச் சொல்லுங்கள். ஐயாயிரம் யென்னுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி 10 சதவீத நுகர்வு வரியைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 2026 நவம்பரிலிருந்து முதலில் வரியோடு கட்டி, கிளம்பும்போது திரும்பப் பெறும் முறைக்கு மாற்றுவதாக அறிவித்திருக்கிறார்கள். கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை ஊர் வரும்வரை பிரிக்க வேண்டாம். ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் கொண்டு திரிவது குற்றம். ரசீதோடு கட்டிய பொட்டலம் காரணம், முதுகுப்பையில் பிரித்துப் போட்ட கத்தி காரணம் இல்லை. விமானத்தில் செக்-இன் பெட்டியில் மட்டும். பரிசாகக் கொடுப்பதென்றால் ஐந்து யென் நாணயம் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. 'கோ-என்' என்றால் ஐந்து யென், உறவு என்றும் பொருள். கத்தி உறவை வெட்டும் என்ற பயம் அங்கேயும் இருக்கிறது.

ஊருக்கு வந்தபின், முருங்கைக்காய்க்கும் தேங்காய்க்கும் ஆட்டெலும்புக்கும் இதை எடுக்கவே கூடாது. ஐரோப்பியக் கத்தியைவிடக் கெட்டி, அதனாலேயே பல் பல்லாக உதிரும். பலாக்காய், சேனைக்கு அரிவாள்மணைதான். புளிப்பு பட்டால் உடனே துடைக்க வேண்டும். எலுமிச்சை நறுக்கிவிட்டுத் தாளிக்கப் போய்த் திரும்புவதற்குள் கறை விழுந்துவிடும். தினமும் துடைத்துக் காயவைத்தால் சில வாரங்களில் தகடு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அது துரு இல்லை, அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது, பெரிய துரு வராமல் காப்பதே அதுதான். வீட்டுக்கு வரும் விருந்தாளி, பாத்திரம் துலக்குபவர் என்று எல்லாருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் தடவி வைக்கத் தேங்காய் எண்ணெயே போதும் என்று என் அனுபவம். கல்லுக்கு 1000 எண் ஒன்று இருந்தால் ஆரம்பிக்கலாம். நண்பருக்கு இரண்டாம் எண் வெள்ளைக் காகித நகிரி ஒன்றை, பதினெட்டாயிரம் யென்னுக்கு வாங்கிக் கொடுத்தேன். அடித்தவர் பெயர் கடைக்காரர் சொல்லவில்லை. தீட்டியவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதையும் பெட்டிக்குள் வைத்தே கொடுத்திருக்கிறேன்.